ஓரம் பேந்த கப்பும் ஒரு பயந்தாங்கொள்ளி மந்திரவாதியும்: ஒன்ஸ் அபான் எ டைம், சீசன் 1, எபிசோடு 12

எங்க வீட்ல ஓரம் பேந்த கப்ப வச்சிருக்க விடமாட்டாங்க. அம்மாச்சி கண்ணுல பட்டுச்சுன்னா அன்னைக்கே அதுக்கு விடுதலை, ஒண்ணு குப்பைக்கு போவும், இல்ல சோப்புத்தூள் அள்ள பாத்ரூமுக்கு போவும். அப்படி வளந்த எனக்கு, வைக்கோல நூத்தே தங்கம் எடுக்கிற ஒரு மந்திரவாதி, கோட்டை நெறய உலகத்து சாமான் எல்லாம் சேத்து வச்சிருக்கிறவன், கடைசில வாய் உடைஞ்ச ஒரு டீ கப்ப பீடத்துல வச்சுட்டு கண்ண தொடைக்கிறத பாத்தா சிரிப்பு வரணும்ல, வரல. தொண்டைய அடச்சுச்சு. இது மூணாவது தடவ பாக்குறேன், மூணு தடவையும் அதே எடத்துல அதே கதை.

எபிசோடு பேரு 'ஸ்கின் டீப்'. 2012 பிப்ரவரி 12 அன்னைக்கு அமெரிக்கால ஏபிசி சேனல்ல வந்தது, அதாவது காதலர் தினத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி, கதையும் அந்த நாள சுத்தி தான். எழுதுனது ஜேன் எஸ்பென்சன். சீரியல உருவாக்குன எட்வர்ட் கிட்ஸிஸ், ஆடம் ஹோரோவிட்ஸ் ரெண்டு பேரும் முன்னாடி 'லாஸ்ட்'ங்கிற சீரியலுக்கு எழுதுனவங்க, அதனால இங்கயும் அதே மாதிரி இப்போ கொஞ்சம் அப்போ கொஞ்சம்னு மாத்தி மாத்தி தான் கதை ஓடும். தெரியாதவங்களுக்கு ஒரு வரில சொல்லிடுறேன்: ரெஜினாங்கிற கெட்ட ராணி ஒரு சாபம் போட்டு தேவதைக்கதை ஆளுங்க எல்லாரையும் ஸ்டோரிப்ரூக்னு ஒரு அமெரிக்க ஊருக்குள்ள தூக்கிப் போட்டுட்டா, அவள தவிர யாருக்கும் தான் யாருன்னு ஞாபகம் இல்ல. நம்ம மந்திரவாதி ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் அங்க மிஸ்டர் கோல்டுங்கிற பேர்ல அடகுக்கடை வச்சிருக்கான், பாதி ஊரு அவன்கிட்ட கடன்பட்டு கெடக்கு. (இனிமே முழுக்க ஸ்பாய்லர், பாக்காதவங்க அப்படியே ஓடிருங்க.)

பழைய உலகத்துல கதை இப்படி. ஓகர்னு சொல்ற அரக்கக் கூட்டத்தோட போர் நடக்குது, ஒரு ஊரு விழப்போற நெலம, அந்த ஊரு பிரபு மந்திரவாதிய கூப்பிட்டு காப்பாத்த சொல்றாரு, அதுக்கு அவன் தங்கம் வேணாம் உன் மக பெல் என் கோட்டைய பாத்துக்க வரட்டும், அதுவும் ஆயுசுக்கும்னு கேக்குறான். அப்பா முடியாதுங்கிறாரு, நிச்சயம் பண்ணி வச்ச மாப்ள காஸ்டன் முடியாதுங்கிறான், அவ தான் முன்னாடி வந்து என் தலையெழுத்த நான் தான் முடிவு பண்ணுவேன்னு சொல்லிட்டு கெளம்புறா. அப்புறம் இந்த காஸ்டன் அவள மீட்கப் போறேன்னு கத்தியோட வந்து கோட்டை கதவ தட்டுவான் பாருங்க, மந்திரவாதி பேசக்கூட விடாம ரோஜாப்பூவா மாத்தி அந்தப் பூவ அவகிட்டயே குடுத்துருவான், வாசல்ல ஒரு கெழவி வித்துட்டு இருந்தான்னு சொல்லி. அவளும் சந்தோஷமா வாங்கிக்குவா. 1756ல மேடம் பொமோன் எழுதுன 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' பழைய கதைல அப்பா ஒரு ரோஜாவ பறிச்ச பாவத்துக்கு மக மிருகத்துகிட்ட போவா, இங்க ரோஜாவே மாப்ள. இந்த மாதிரி குசும்பு தான் எனக்கு இந்த சீரியல்ல பிடிச்சதே.

சரி, கப்புக்கு வர்றேன். மொத நாள் அவ டீ ஊத்திட்டு இருக்கா, இவன் அவளோட வேலைய வரிசையா அடுக்குறான், சமைக்கணும், கூட்டணும், துணி தொவைக்கணும், அப்படியே அதே குரல்ல, நான் வேட்டையாடிட்டு வர்ற குழந்தைங்களோட தோல உரிக்கணும்னு சொல்றான். அவ கையிலேர்ந்து கப்பு கீழ விழுது. ஜோக்குடீங்கிற மாதிரி இவன் ஒரு இளிப்பு இளிக்கிறான். அவ குனிஞ்சு எடுத்து, ஐயோ ஓரம் கொஞ்சம் பேந்துருச்சு, அவ்வளவா தெரியாதுன்னு பதறுறா, இவன் ஒரு செகண்டு முழிச்சிட்டு வெறும் கப்பு தானேங்கிறான். அவ்வளவு தான் சீன், ஒரு நிமிஷம் கூட இருக்காது. உன்ன கொன்னுருவேன்னு பயமுறுத்துற ஒருத்தன்கிட்ட போய் ஒரு பொண்ணு கப்பு உடைஞ்சதுக்கு மன்னிப்பு கேக்குறா, அவனுக்கு என்ன பண்றதுன்னே தெரியல, ரொம்ப வருஷமா அவன்கிட்ட யாரும் இப்படி சாதாரணமா பேசுனதே இல்லன்னு அந்த முழில தெரியும். வசனம் எதுவும் இல்ல, ராபர்ட் கார்லைல் மூஞ்சி மட்டும் தான்.

இந்தாளு நடிப்ப பத்தி தனியா ஒரு கட்டுரை எழுதலாம். மந்திரவாதியா வர்றப்போ மினுமினுக்குற செதில் தோலு, கீச்சுக் குரல்ல ஒரு சிரிப்பு, விரல் எல்லாம் டான்ஸ் ஆடும். மிஸ்டர் கோல்டா வர்றப்போ கோட்டு சூட்டு, கைத்தடி, அவரோட சொந்த ஸ்காட்லாந்து பேச்சு, ஒடம்பு அசையவே அசையாது. ரெண்டும் ஒரே ஆளான்னு சந்தேகம் வரணும், ஆனா வராது, ஏன்னா கண்ணு ஒண்ணு தான். நடுவுல ஒரு எடத்துல பெல் கேப்பா, ஏன் எப்பவும் ராட்டைல நூத்துக்கிட்டே இருக்கன்னு, மறக்கறதுக்குங்கிறான், எதைன்னு கேக்குறா, ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு, பாத்தியா வேலை செஞ்சிருச்சுன்னு சிரிக்கிறான். கேட்ட ஒடனே நானும் சிரிச்சேன். ஆனா எட்டாவது எபிசோட பாத்தவங்களுக்கு தெரியும் அவன் எதை மறக்க நூக்கிறான்னு, போருக்கு பயந்த நொண்டி ராட்டைக்காரன், ஊரே கோழைன்னு காறித் துப்புன ஆளு, மகன காப்பாத்த போயி தானே அரக்கனா ஆனவன். மேல ஒரு ரூம்ல சின்னப் பையன் சட்டை இருக்கேன்னு அவ கேக்குற எடத்துல அது அப்படியே வந்து நிக்கும்.

முத்தம் சீனு தான் எபிசோடோட உயிர். வைக்கோல் வாங்கிட்டு வான்னு அவள வெளிய அனுப்புறான், திரும்பி வரமாட்டான்னு அவனே சொல்லி தான் அனுப்புறான், வழில ரெஜினா வந்து உண்மையான காதலோட முத்தம் எந்த சாபத்தையும் ஒடைக்கும்னு நைசா ஏத்தி விடுறா. அவ திரும்பி வந்து முத்தம் குடுக்குறா, செதில் எல்லாம் மறைஞ்சு மனுஷ மூஞ்சி எட்டிப் பாக்குது. நமக்கெல்லாம் தெரிஞ்ச கதைன்னா இங்க மேளம் தாளம், கல்யாணம், சுபம். இவன் என்ன பண்றான், பதறி எந்திரிச்சு யாரு சொல்லிக் குடுத்தான்னு கத்துறான், கண்ணாடிய பாத்து ரெஜினாவ திட்டுறான், என்ன யாரும் காதலிக்க முடியாதுன்னு அலறுறான். நம்ம பாட்டி கதைல அரக்கன் உயிர ஏழு கடல் தாண்டி கிளிக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பான்ல, இவனுக்கு இவன அரக்கனா ஆக்குன அந்த சாபம் தான் கிளி, அது போனா திரும்பவும் அந்த நொண்டி ராட்டைக்காரன் ஆயிடுவான். மிருகம் அசிங்கமா இருக்குங்கிறது இங்க பிரச்சனையே இல்ல, அதுக்கு மனுஷனா ஆக பயம். அவ போறப்போ ஒனக்கு மிஞ்சப்போறது காலி மனசும் இந்த ஓரம் பேந்த கப்பும் தான்னு சொல்லிட்டு போறா, அப்படியே நடக்குது. கோபத்துல அலமாரி சாமானெல்லாம் போட்டு ஒடைக்கிறவன் அந்த ஒரு கப்ப மட்டும் கையில எடுத்து பாக்குறான், ஒடைக்க முடியல.

ஸ்டோரிப்ரூக்ல நடக்குற பக்கம் அதுக்கு சரியான ஜோடி. மிஸ்டர் கோல்டு காதலர் தினத்துக்கு மொத நாள் பூக்கடைக்காரரோட (பழைய உலகத்துல பெல்லோட அப்பா இவரு தான்) வேன, உள்ள இருக்கிற ரோஜாவோட சேத்து, கடனுக்கு தூக்கிட்டு போயிடுறான். அவரு கடுப்புல இவன் வீட்ட கொள்ளையடிக்கிறாரு. ஷெரிஃப் எம்மா எல்லா சாமானையும் மீட்டுக் குடுத்தும் ஒண்ணே ஒண்ணு இல்லன்னு இவன் அந்தாள காட்டுக்குள்ள ஒரு கேபினுக்கு கடத்திட்டு போயி கைத்தடியால வெளுக்குறான். அடிச்சுக்கிட்டே, அவ போயிட்டா, இனிமே வரமாட்டா, அது உன் தப்பு, என் தப்பு இல்ல, நீ அவ அப்பன்னு கத்துறான். அந்த 'என் தப்பு இல்ல' எங்கேர்ந்து வருதுன்னு நமக்கு தெரியும், எம்மாவுக்கு தெரியாது, ஆனா அவ விட்டாளா, யாரு அந்த 'அவ'ன்னு பிடிச்சுக்குறா பாருங்க, நல்ல போலீஸ்.

கொறைன்னு பாத்தா இருக்கு. கோட்டைல காதல் வர்ற வேகம் ரொம்ப ஓவர், மொத்த எபிசோடே விளம்பரம் இல்லாம நாப்பது நிமிஷ சொச்சம், அதுல பாதி இந்த உலகத்துக்கு போயிடுது, அப்புறம் ஜன்னல் திரைய இழுக்கப் போயி அவ விழ இவன் தாங்கிப் பிடிக்க, ஒடனே லவ்வுன்னா எப்படி? அடைச்சு வச்சவன் மேலயே ஆசை வர்ற உறுத்தல எழுதுனவங்க பெருசா கண்டுக்கவும் இல்ல. எமிலி டி ராவின் நல்லா தான் பண்ணிருக்காங்க, 'லாஸ்ட்'ல கிளேரா பாத்தவங்க தான, ஆனா பெல்லுக்கு புஸ்தகம் பிடிக்கும், தைரியம் பிடிக்கும், அதுக்கு மேல எதுவும் குடுக்கல. கிரீன் ஸ்கிரீன் பின்னணி சில எடத்துல பள்ளிக்கூட ஆண்டு விழா செட்டு மாதிரி இருக்கு, 2012 டிவி பட்ஜெட்டுன்னு மன்னிச்சு விட்ரலாம். மேரி மார்கரெட், ரூபி, ஆஷ்லி மூணு பேரும் வெளிய போற கிளைக்கதைய நான் பத்து பத்து செகண்டா தள்ளிட்டேன். அதுல டேவிட் பொண்டாட்டிக்கு வாங்குன வாழ்த்து அட்டைய மாத்தி காதலி மேரி மார்கரெட்கிட்ட குடுக்குற ஒரு எடம் மட்டும் சிரிப்பு, பயலுக்கு நல்லா வேணும்.

அப்புறம் லாக்கப் சீன், அந்த அடிதடிக்கு எம்மா கோல்ட உள்ள போட்டுருக்கா. ரெஜினா வந்து, எம்மா பெத்து ரெஜினா வளக்குற பையன் ஹென்ரியோட அரை மணி நேரம் இருந்துக்கோன்னு எம்மாவ வெளிய அனுப்பிட்டு, கம்பிக்கு வெளிய ஒக்காந்து அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்குறா, உன் பேரு என்ன. கையில அந்த கப்பு. பழைய கதைல ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் பேர மத்தவங்க கண்டுபிடிச்சா அவன் தோத்தான். இங்க அவனே வாயத் தொறந்து சொல்லணும், சொன்னா கப்பு கெடைக்கும். பதினோரு எபிசோடா இவனுக்கு பழசு ஞாபகம் இருக்கா இல்லையான்னு நம்மள காய விட்டுட்டு, ஒரு டீ கப்புக்காக அவன் அந்த ரகசியத்த குடுக்குறான். கத்தல் இல்ல, மந்திரம் இல்ல, ரெண்டு பேரு, நடுவுல கம்பி, இந்த சீசன்லயே எனக்கு பிடிச்ச ரெண்டு நிமிஷம் இது தான்.

புதுசா பாக்குறவங்க மொத்தம் ஏழு சீசன், 155 எபிசோடுன்னு பாத்து பயந்துறாதீங்க, மொதல்ல ஒண்ணாவது, அப்புறம் எட்டாவது, அதுக்கப்புறம் இந்த பன்னெண்டு, இவ்வளவு பாத்தா போதும், பிடிச்சா மிச்சம். ஒண்ணே ஒண்ணு, கப்பு கைக்கு வந்துருச்சு கதை முடிஞ்சுருச்சுன்னு ஆஃப் பண்ணிராதீங்க. கோபுரத்துலேர்ந்து குதிச்சு பெல் செத்துட்டான்னு ரெஜினா பழைய உலகத்துல அவன்கிட்ட சொல்லிருப்பா, கடைசில ரெஜினா ஸ்டோரிப்ரூக் ஆஸ்பத்திரிக்கு கீழ ஒரு நிலவறைக்கு எறங்கிப் போயி, ஒரு ரூம் கதவுல இருக்கிற சின்ன ஜன்னல தொறந்து உள்ள பாப்பா. யாரு உள்ளன்னு நான் சொல்லல.