22,000 கிலோமீட்டரில் போன கிளட்ச்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சுழற்சியைக் காட்டும் ஆர்பிஎம் முள் துள்ளுகிறது, வேகம் ஏறவில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்தபோது கருகல் வாடை வேறு.

தேய்மானப் பொருள், வாரண்டி கிடையாது என்று ஷோரூமில் கைவிரித்தார்கள். கோவையில் ஒரு சின்னப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அண்ணன் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் தட்டைக் கையில் கொடுத்தார். ரிவெட் ஆணியின் தலை வரைக்கும் தேய்ந்திருந்தது. அந்தத் தட்டு அழுந்தி நிற்கும் இன்ஜின் சக்கரமான ஃப்ளைவீலில் சூட்டின் நீலத் திட்டுகள்.

"மேட்டுல கிளட்ச்சைப் பாதி மிதிச்சு ஹாஃப் கிளட்ச்லயே நிறுத்தி வச்சிருக்கீங்க தம்பி. ஹேண்ட்பிரேக் எதுக்கு இருக்கு?"

கோபம் வந்தது. ஆனால் உண்மை.

தட்டு, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அதை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றினார். ஃப்ளைவீலை லேத்தில் போட்டுச் சீவினார். சொன்னதைவிட 2 நாள் தாமதம்தான். பெடல் இப்போது வெண்ணெய் மாதிரி இருக்கிறது.