ஜவ்வை வெட்டுவதா, தைப்பதா?

2024 ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை. அமெரிக்கக் கால்பந்து அணியான மினசோட்டா வைக்கிங்ஸின் ரசிகர்கள் எல்லோரும் அன்றைக்கு ஒரே ஒரு விஷயம் தெரியக் காத்திருந்தோம். அணியின் புது குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், ஜே.ஜே. மெக்கார்த்தியின் வலது முட்டியில் மெனிஸ்கஸ் என்ற ஜவ்வு கிழிந்திருக்கிறது, அறுவை சிகிச்சை உண்டு என்று பயிற்சியாளர் கெவின் ஓகானல் சொல்லிவிட்டார். கிழிந்த இடத்தை வெட்டி எடுப்பார்களா, தைப்பார்களா என்பது உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். வெட்டினால் அக்டோபருக்குள் ஆள் திரும்பிவிடுவார். தைத்தால் அந்த சீசன் முழுக்கக் கிடையாது.

மூன்று நாள் முன்புதான் ரெய்டர்ஸோடு நடந்த முன்னோட்ட ஆட்டத்தில் 188 யார்டு, இரண்டு டச்டவுன் (பந்து எதிரணியின் எல்லைக்குள் போய்ச் சேருவது) என்று வீசியிருந்தார். மிச்சிகன் பல்கலைக்கழக அணியை ஒரு தோல்விகூட இல்லாமல் 15-0 என்று சாம்பியனாக்கிவிட்டு வந்த பையன். வயது 21. கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் ஏப்ரல் தேர்வில் பத்தாவது ஆளாக எடுத்திருந்தோம். ஆட்டம் முடிந்து முட்டி வலிக்கிறது என்றாராம். அவ்வளவுதான், ஊரே இருண்டு போயிற்று.

எனக்குத் தெரிந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் வேண்டிக்கொண்டது “வெட்டிவிடட்டும்” என்றுதான். நானும் அப்படித்தான். எங்கள் வீடு ஈகனில், அணியின் பயிற்சி மைதானத்துக்குப் பத்து நிமிஷத் தூரம். பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் தைக்கட்டும் என்றார். வைக்கிங்ஸ் நான்கு முறை சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்துக்குப் போய் நான்கிலும் தோற்றதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர் அவர். 2016 ஆகஸ்ட் கடைசியில் அப்போதைய குவாட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டர் பயிற்சியில் முட்டி பிசகி விழுந்ததையும், பதறிப்போன அணி நாலே நாளில் முதல் சுற்றுத் தேர்வு உரிமையைக் கொடுத்து சாம் பிராட்ஃபோர்டை வாங்கியதையும் மறக்காதவர். அந்த வருடம் 5-0 என்று தொடங்கி 8-8 என்று முடிந்தது. “அவசரத்தில் செய்ததெல்லாம் அப்படித்தான் போகும்” என்று வேலி ஓரம் நின்று சொன்னார்.

மறுநாள் தைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சீசன் போயிற்று. அன்றைக்கு நான் பட்ட வருத்தம் தப்பானது என்று ஏழு மாதம் கழித்து எனக்கே புரிந்தது.

2025 மார்ச்சில் பேட்மிண்டன் ஆடும்போது வலைக்கு ஓரமாக விழுந்த பந்தை எட்டி எடுக்கப் போனேன். வலது கால் ஊன்றியபடி நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். வலி பெரிதாக இல்லை, வீட்டுக்கு நானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். காலையில் எழுந்தால் முட்டியை நீட்ட முடியவில்லை. ஸ்கேனில் ஜவ்வு நீளவாக்கில் கிழிந்து, வாளியின் கைப்பிடி மாதிரி மடங்கி மூட்டின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் ஒரே தாளில் இரண்டுக்கும் கையெழுத்து வாங்கினார். “உள்ளே பார்த்துத்தான் முடிவு செய்வேன். இரண்டுக்கும் இடம் இருந்தால் உங்களுக்கு எது வேண்டும்?” என்றார். எனக்கு 38 வயது. மெக்கார்த்தி மாதிரி எனக்கு ஒரு பருவம் காத்திருக்கவில்லை. ஆனால் வேலை, இரண்டு குழந்தைகள், பனி மூடிய வாசற்படி எல்லாம் இருந்தன.

சாதாரண விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே நுண்துளை அறுவைதான், அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வெட்டினால் அன்றைக்கே கால் ஊன்றலாம், வாரத்தில் ஆபீஸ், நான்கிலிருந்து ஆறு வாரத்தில் மைதானம். தைத்தால் ஆறு வாரம் காலில் பட்டையும் கையில் ஊன்றுகோலும். முட்டியை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. ஓட நான்கு மாதம், ஆட ஆறு மாதம். நாட்களைத்தான் எண்ணுவேன் என்பவருக்கு இதில் விவாதமே இல்லை, வெட்டுவதுதான்.

நாட்களை எண்ணுவது சரியான கணக்கா என்பதுதான் கேள்வி. அந்த ஆகஸ்டில் நாங்கள் எல்லோரும் தவறவிட்டது அதைத்தான்.

ஒவ்வொரு முட்டியிலும் பிறை வடிவத்தில் இரண்டு ஜவ்வு உண்டு. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே, குழாயில் போடும் வாஷர் மாதிரி உட்கார்ந்து, உடம்பின் பாரத்தைப் பரப்பி வாங்கிக்கொள்வது அதன் வேலை. அதில் ஒரு துண்டைக் குறைத்தால் அதே பாரம் சின்ன இடத்தில் இறங்கும். எலும்பின் மேல் பூசினாற்போல் இருக்கும் வழவழப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஜவ்வை எடுத்துவிட்ட முட்டிகளின் எக்ஸ்ரேயில் என்னென்ன மாற்றம் வருகிறது என்று ஃபேர்பேங்க் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1948-லேயே எழுதிவிட்டார். அதற்கு அப்புறமும் பல பத்தாண்டுகள் ஜவ்வு கிழிந்தால் எடுத்து எறிவதுதான் வழக்கமாக இருந்தது. கூடைப்பந்தாட்டத்தின் டுவைன் வேடுக்கு 2002-ல், மார்கெட் (Marquette) பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, இடது முட்டியில் ஜவ்வை எடுத்தார்கள். பின்னாளில் மூன்று சாம்பியன் பட்டம் வாங்கியவர்தான். ஆனாலும் அந்த முட்டி கடைசிவரை அவரைப் படுத்தியது.

வெட்டி எடுத்தது திரும்ப வளராது என்பது ஒன்று. அதைவிட முக்கியமானது வரிசை. தைத்த ஜவ்வு பிரிந்துவிட்டால் அப்போது வெட்டிக்கொள்ளலாம், அந்த வழி எப்போதும் திறந்தே இருக்கும். வெட்டிய பிறகு “அடடா, தைத்திருக்கலாமே” என்றால் தைக்க அங்கே எதுவும் இருக்காது. இன்னொரு கூடைப்பந்து வீரர் டெரிக் ரோஸ் வலது முட்டியில் இந்த இரண்டையும் பார்த்தவர். 2013 நவம்பரில் தைத்தார்கள், மிச்ச சீசன் முழுக்க உட்கார்ந்தார். 2015 பிப்ரவரியில் அதே முட்டியில் ஜவ்வு மறுபடி கிழிந்தது. அந்த முறை வெட்டினார்கள், ஏப்ரலில் ஆடவந்தார். தையலே வீண் என்பதற்கு ரோஸைத்தான் பலர் காட்டுவார்கள். எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. தையல் போன பிறகும் அவருக்கு இன்னொரு வழி கையில் இருந்தது. முதலில் வெட்டியிருந்தால் அது இருந்திருக்காது.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, “வெட்டுனா சீக்கிரம் நடக்கலாம்னா வெட்டிக்கோயேன்டா, ஆறு வாரம் யாரு உன்னைப் பாத்துப்பா?” என்றாள். அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவாள். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஆறு வாரம் ஒரு கணக்கே இல்லை. டாக்டரிடம் தையல் என்று சொல்லிவிட்டேன்.

மயக்கம் தெளிந்ததும் யாரையும் கேட்கவில்லை. போர்வைக்குள் கையை விட்டுத் தடவினேன். தொடையிலிருந்து கணுக்கால் வரை கெட்டியான பட்டை, இரண்டு பக்கமும் உலோகக் கம்பி, முட்டி இருக்கும் இடத்தில் வட்டமான ஒரு பூட்டு. தைத்துவிட்டார்கள். வெட்டியிருந்தால் வெறும் துணிக்கட்டுதான் இருந்திருக்கும். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த ஆறு வாரம் சுலபமில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டையோடுதான் தூக்கம். எங்கள் வீட்டில் படுக்கையறை மாடியில், அதனால் ஹாலில் சோபாதான் படுக்கை. சட்டியைத் தூக்கக்கூட முடியாது, இரண்டு கையும் ஊன்றுகோலில் இருக்கும். பனிக்காலத்தின் கடைசி நாட்களில் வாசலை மனைவிதான் வாரினாள். முதல் தடவை பட்டையைக் கழற்றி பிசியோ தொடையை டேப் வைத்து அளந்தபோது, இடது தொடையைவிட வலது தொடை நான்கு சென்டிமீட்டர் இளைத்திருந்தது. வலியைவிட அதுதான் என்னை அசைத்தது. அந்தச் சதையைத் திரும்பக் கொண்டுவர இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் உதவிக்கு ஆள் இல்லாதவர், நின்றே பார்க்கும் தினக்கூலி வேலைக்காரர் என்றால் ஆறு வாரம் என்பது வாய்வார்த்தை இல்லை. அவர்களிடம் தைத்துக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன்.

தையல் எல்லாருக்கும் நிற்கும் என்பதும் இல்லை. சில வருடங்களுக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பிரிந்துவிடுகிறது. ஜவ்வின் வெளி விளிம்பில்தான் ரத்த ஓட்டம் உண்டு, உள்பக்கம் கிடையாது. ரத்தம் போகாத இடத்தில் தைத்தாலும் பெரும்பாலும் ஒட்டாது, அங்கே கிழிந்தவருக்கு அநேகமாக இந்தக் கேள்வியே எழாது. வயதாகித் தேய்ந்து நைந்த ஜவ்வு இன்னொரு ரகம். 2013-ல் பின்லாந்தில் அப்படிப்பட்ட 146 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு உண்மையாக வெட்டி, பாதிப் பேருக்கு வெட்டுவது போல் பாவனை மட்டும் செய்து பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த ரகத்துக்குக் கத்தியைவிட பிசியோதான் முதலில்.

வெட்டிக்கொண்டு நன்றாக இருப்பவர்களும் உண்டு. என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் 45 வயதில் வெட்டிக்கொண்டார். மூன்று வருடமாக ஏரியைச் சுற்றி ஓடுகிறார், குறை ஒன்றும் இல்லை என்கிறார். பக்கத்திலிருந்து நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான், அதுவும் மூன்றே வருடம். இருபது வருடம் கழித்து அவர் முட்டியையும் என் முட்டியையும் வைத்துப் பேசினால்தான் ஒப்பீடு முழுமையாகும். கடைசி ஒப்பந்தத்தில், கடைசி பட்டத்துக்காக ஆடும் 36 வயது குவாட்டர்பேக் என்றால் அவர் வெட்டிக்கொண்டு களத்துக்கு வருவதை நான் குறை சொல்ல மாட்டேன். 21 வயதுப் பையனுக்கு அது பொருந்தாது. முன்னால் பத்துப் பதினைந்து வருட ஆட்டம் இருக்கிறது, அப்புறம் ஒரு வாழ்க்கையும் இருக்கிறது.

அந்த 2024 என்ன ஆயிற்று என்றால், நாங்கள் பயந்த மாதிரி எதுவும் ஆகவில்லை. அணி இந்த முறை பதறவில்லை. மார்ச்சிலேயே ஒரு வருடத்துக்கு ஒரு கோடி டாலர் பேசி எடுத்துவைத்திருந்த சாம் டார்னால்ட் மெக்கார்த்தியின் இடத்தில் ஆடினார், 14-3 என்று முடித்தார். பிளே ஆஃபில் ராம்ஸிடம் 27-9 என்று தோற்றது மட்டும் இன்னும் உறுத்துகிறது. நவம்பரில் மெக்கார்த்தியின் முட்டியில் வீக்கம் வந்து இன்னொரு சிறு சிகிச்சையும் நடந்தது. அந்தச் செய்தி வந்த அன்று, தைத்தது தப்போ என்று மறுபடி பேச்சுக் கிளம்பியது. பெரியவர் மட்டும் அப்போதும் அசையவில்லை.

2025 செப்டம்பர் 8, சிகாகோ. மெக்கார்த்தி வளர்ந்த ஊர்ப்பக்கம், அவருடைய முதல் ஆட்டம். மூன்றாவது கால் பகுதி முடியும்போது 17-6 என்று பின்னால் இருந்தோம், அவர் வீசிய ஒரு பந்தை எதிரணி பிடித்து டச்டவுனே போட்டிருந்தது. அப்புறம் ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு ஒன்று, ஏரன் ஜோன்ஸுக்கு ஒன்று என்று இரண்டு டச்டவுன் வீசினார். கடைசியாக அவரே பந்தை எடுத்துக்கொண்டு 14 யார்டு ஓடி எல்லைக்குள் போனார். ஓட்டத்தை விட்டுவிட்டு நான் பார்த்தது அந்த வலது முட்டியைத்தான். 27-24. பெரியவர் எங்கள் ஹாலில்தான் உட்கார்ந்திருந்தார், எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். அடுத்த வாரம் மெக்கார்த்திக்குக் கணுக்கால் சுளுக்கி மறுபடி வெளியே உட்கார வேண்டியதாயிற்று. முட்டிக்கு ஒன்றுமில்லை.

எனக்கும் அந்த மாதம் ஆறு மாதம் முடிந்தது. தரையில் உட்காரலாம் என்று பிசியோ சொன்ன அன்றே உட்கார்ந்து பார்த்தேன். முழுச் சம்மணம் இன்னும் வரவில்லை. அன்றைக்கு வலது முட்டி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. நேற்று அளந்தேன், நான்கு விரல்.