இரண்டு வருட பி.எஃப்.டி.: 50-இல் தொடங்கி 300-இல் வந்து நின்ற கதை

எங்கள் அலுவலகத்துக்கும் கிடங்குக்கும் நடுவே இரண்டு லீஸ்டு லைன் (வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு), இரண்டும் வேறு வேறு நிறுவனம். இரு முனையிலும் லினக்ஸை ரவுட்டராக்கும் எஃப்.ஆர்.ஆர். மென்பொருள், அதில் எந்த வழியில் போவது என்று முடிவு செய்யும் ஓ.எஸ்.பி.எஃப். ஒரு லைன் செத்தால் இன்னொன்றில் போகும். போகத்தான் செய்தது, 40 நொடி கழித்து.

ஃபைபர் நடுவழியில் எங்கோ அறுபடும். ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளோடு இணைக்கும் எங்கள் பக்க மீடியா கன்வெர்ட்டரில் விளக்கு பச்சையாகவே எரியும். இன்டர்ஃபேஸ் (ரவுட்டரில் லைன் சேரும் முனை) விழவில்லை என்றால் ரவுட்டருக்கு என்ன தெரியும்? ஓ.எஸ்.பி.எஃப். 10 நொடிக்கு ஒரு ‘ஹலோ’ செய்தி அனுப்பும், நான்கு தவறினால்தான் அடுத்த ரவுட்டரைக் கைவிடும். அதற்குள் கிடங்கில் பில் போடும் திரை உறைந்து, ஃபோன் அறுந்து, என் மேசைக்கு ஆள் வந்துவிடுவார்.

லைன் செத்ததைச் சட்டென்று கண்டுபிடிப்பது, பி.எஃப்.டி. (Bidirectional Forwarding Detection) என்ற நெறிமுறைக்கு இது ஒன்றுதான் வேலை. இரு முனையும் சின்ன யு.டி.பி. பாக்கெட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும்; வரத்து நின்றால் உடனே ஓ.எஸ்.பி.எஃப்.புக்குச் சொல்லும். அதன் டீமனை (பின்னணியில் ஓடும் புரோகிராமை) இயக்கி இன்டர்ஃபேஸில் ஒரு வரி போட்டேன். செஷன் எழவில்லை. வழக்கம்போல ஃபயர்வால், 3784 போர்ட்டைத் திறந்ததும் எழுந்தது.

டிஃபால்ட் 300 மில்லி நொடிக்கு ஒரு பாக்கெட், மூன்று முறை தவறினால் செஷன் விழும். எனக்கு அது போதவில்லை. 50 வைத்தேன். பகலில் கேபிளைப் பிடுங்கிக் காட்டி எல்லாரிடமும் பெயர் வாங்கினேன்.

ராத்திரி 2 மணிக்கு இரண்டு லைனின் செஷனும் விழ ஆரம்பித்தது. எங்கள் ரவுட்டர் லாகில் ‘எதிர்முனை செஷனை இறக்கியது’ என்றிருந்ததால் நான்கைந்து நாள் கிடங்கு ரவுட்டரையே குடைந்தேன். அங்கே எழுதியிருந்ததோ ‘கண்டறியும் நேரம் கடந்தது’. அதாவது பாக்கெட் வராமல் தவித்தது அவர்கள். அனுப்பாமல் இருந்தது நாங்கள். இரண்டு நிறுவனத்தின் லைனும் ஒரே நொடியில் சாகாது என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் ரவுட்டர் ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது வேறொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி. ராத்திரி பேக்கப்புக்கு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்) எடுக்கும்போது அது ஒரு கணம் உறைகிறது. 50 மூன்று முறை, அதாவது 150 மில்லி நொடிக்கு அந்த ஒரு கணம் போதும். எஃப்.ஆர்.ஆரில் இந்த டீமன் சாதாரண புரோகிராம்தான், வன்பொருளிலேயே பி.எஃப்.டி. ஓடும் பெரிய ரவுட்டர்களின் எண்களை இதில் வைத்தது என் தப்பு.

300-க்குத் திரும்பினேன். ஒரு முனையில் மாற்றினாலே போதும், இடைவெளியில் மெதுவானவர் சொல்வதுதான் செல்லும். பெருக்கும் எண் (எத்தனை முறை தவறினால் விழும் என்பது) மட்டும் அப்படியல்ல: நான் வைக்கும் 3, எதிர்முனை எனக்காக எவ்வளவு காத்திருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. இது மண்டையில் ஏற எனக்கு ரொம்ப நாள் ஆனது.

அதன்பின் ஃபைபர் பலமுறை அறுந்திருக்கிறது. ஃபோனில் பேசுபவருக்கு ஒரு சொல் விழுங்கியதுபோல் இருக்கும், அவ்வளவுதான். லைன் போனதை இப்போது நான்தான் கிடங்குக்குச் சொல்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. விழுந்து எழுந்து விழும் லைனோடு இதுவும் சேர்ந்து ஆடும். உயிர் வந்த மறுகணமே ஓ.எஸ்.பி.எஃப். அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது. கொஞ்சம் பொறுத்துச் சேர் என்று சொல்ல என்னிடம் நல்ல வழி இல்லை. அப்படிப்பட்ட நாளில் அந்த இன்டர்ஃபேஸின் காஸ்ட்டை (கூடினால் ஓ.எஸ்.பி.எஃப். அந்த வழியைத் தவிர்க்கும்) கையால் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

போன மாதம் மூன்றாவதாக ஒரு ரேடியோ லிங்க் வந்தது. அதற்கு மட்டும் 1000 மில்லி நொடி, மூன்று முறை. மழைக்காலம் முடியட்டும், குறைக்கலாமா என்று அப்போது பார்க்கிறேன்.