20 கிலோ பி.வி.சி. டம்பெல் செட்: ஒரு வருடப் புழக்கத்துக்குப் பிறகு

விளையாட்டுச் சாமான் கடையிலும் ஆன்லைனிலும் ‘ஹோம் ஜிம்’ என்ற பெயரில் விற்கும் செட்டில் பெரும்பாலும் இருப்பது இவ்வளவுதான்: 3 கிலோ பிளேட் நான்கு, 2 கிலோ பிளேட் நான்கு, 14 அங்குல ராடு இரண்டு, நட் நான்கு. வாங்கிய வாரத்தில் எழுதும் ரிவ்யூக்கள் பிளாஸ்டிக் வாடை, பேக்கிங், பிடிமானம் என்பதோடு நின்றுவிடும். மாதக்கணக்கில் புழங்கினால்தான் நிஜமான குறை தெரியும். இதில் சின்ன பிளேட்டே கிடையாது. பாதியில் ஆளை விரட்டுவது அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நட்டோடு ராடு 1 கிலோ என்று வைத்துக்கொள்வோம் (ராடுக்கு ராடு மாறும், எடை போட்டுவிடுங்கள்). ஒரு கைக்கு 5, 7, 11 கிலோ, இந்த மூன்று எடைகள்தான் கட்ட முடியும். ஒரு பக்கம் 2, மறுபக்கம் 3 மாட்டிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ராடு சாய்ந்து மணிக்கட்டைத் திருகும், வேண்டாம்.

இப்போது 7 கிலோவில் ஷோல்டர் பிரஸ் (தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்குவது) செய்பவரின் நோட்டைப் பார்ப்போம். ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப், இடைவிடாமல் செய்யும் ரெப்கள் சேர்ந்தது ஒரு செட். திங்கள்: மூன்று செட்டில் 8, 8, 8 ரெப். வியாழன்: 9, 8, 8. அடுத்த திங்கள்: 9, 9, 8. மூன்று செட்டிலும் 12 வந்த பிறகுதான் எடை ஏற்ற வேண்டும் என்பது விதி. 24 ரெப் 36 ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ரெப் கூடினால் 12 முறை, வாரம் இரண்டு நாள் வீதம் ஆறு வாரம். தூக்கம் கெட்ட வாரத்தில் ஒன்றிரண்டு இறங்கவும் செய்யும், அதையும் சேர்த்தால் எட்டு வாரம். அவ்வளவு பொறுமையாக வந்தவர் அடுத்து 11 கிலோவைத் தூக்க வேண்டும். 57 சதவீதம் கூடுதல்! ஒரு ரெப் ஏறுவதே சந்தேகம். இடுப்பை வளைத்து, முழங்காலை மடக்கி உந்தித்தான் மேலே போகும். தோளோ முழங்கையோ வலிக்கும், டம்பெல் செட் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ‘எனக்குப் பொறுமை இல்லை’ என்று ஆள் தன்னையே நொந்துகொள்வார். பாவம், அவரிடம் பொறுமை நிறையவே இருந்தது. பிளேட்தான் இல்லை.

ஆகவே செட்டோடு சேர்த்து 1 கிலோ பிளேட் நான்கு, அரைக் கிலோ பிளேட் நான்கு வாங்கிவிடுங்கள். இந்த 6 கிலோ கூடினால் 1 முதல் 14 கிலோ வரை ஒவ்வொரு கிலோவாக ஏறலாம். 7-இல் மூன்று செட்டிலும் 12 எடுத்தவருக்கு 8 கிலோவில் எட்டு ரெப் போல வரும், 9-இல் நான்கைந்துக்கு மேல் வருவது கஷ்டம். அரைக் கிலோவின் அருமை அங்கேதான். சின்ன பிளேட்களை இரும்பில் வாங்குவது உத்தமம். சிமென்ட் அடைத்த பி.வி.சி. பிளேட்டின் தடிமன் இரும்பைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு, எல்லாவற்றையும் மாட்டினால் நட்டுக்கே இடம் இருக்காது. துளையையும் அளந்து வாங்குங்கள். வீட்டு ராடு 25 முதல் 30 மி.மீ. வரை இருக்கும். 50 மி.மீ. துளை ஒலிம்பிக் ராடுக்கானது, இதில் மாட்டினால் லொடலொடவென்று ஆடும்.

பக்கவாட்டில் கை தூக்கும் லேட்டரல் ரெய்ஸ் போன்றவற்றுக்கு 1 கிலோ ஏற்றம்கூட அதிகம். அங்கே ரெப்பை 20 வரை கொண்டுபோங்கள், இறக்கும்போது மூன்று வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் அதே 4 கிலோவில் நிற்பது சகஜம்.

முதல் ஆறேழு வாரம் தூக்கும் எடை மளமளவென்று ஏறும். பெரும்பாலும் அது நரம்பு பழகுவதால் வரும் பலம். கண்ணாடியில் தெரியும்படி தசை வர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் இன்னும் மெதுவாகத்தான் உறுதிப்படும். ‘வேகமாக ஏறுகிறதே’ என்று இரண்டு படி தாவுபவர்களுக்கு முழங்கை வலி வருவது அதனால்தான். உடல் எடை பார்க்கும் மெஷினைத் தினமும் நம்ப வேண்டாம். முந்தின இரவு உப்பும் சோறும் கூடினாலே காலையில் ஒரு கிலோ ஏறிக் காட்டும், அது தண்ணீர். ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். கல்யாணம், காய்ச்சல் என்று இரண்டு வாரம் விட்டுப்போனால் ஒரு படி குறைத்துத் தொடங்கினால் போதும், போன பலம் சீக்கிரமே திரும்பிவிடும்.

இனி பொருளின் ஆயுள். முதலில் தொல்லை தருவது நட். ராடின் இரண்டு முனையிலும் ஒரே திசை மரைதான். பிளேட் சுழலும்போது ஒரு நட் இறுகும், எதிர்ப்பக்க நட் தளரும். ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால் இரண்டையும் கையால் திருகிப் பாருங்கள், குறிப்பாகத் தலைக்கு மேல் தூக்கும் முன். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் சில மாதத்தில் தேயும். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிப் போட்டால் தாங்கும்.

பிளேட்டில் அச்சடித்த எடையை நம்பாதீர்கள். மளிகைக் கடைத் தராசில் எட்டையும் நிறுத்து, ஒத்த எடைகளை ஜோடி சேர்த்து மார்க்கரால் எழுதிவிடுங்கள். தரையில் போட்டால் ஓரத் தையல் வெடித்துச் சாம்பல் நிறத் தூள் கொட்டும், எடையும் குறையும். ரப்பர் மேட் கட்டாயம். கடலோர ஊர்களில் மரை சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். கைப்பிடியில் மட்டும் படக்கூடாது, வழுக்கும்.

காலுக்கு இந்த செட் சில மாதமே தாங்கும். ஸ்குவாட்டில் (எடையோடு உட்கார்ந்து எழுவது) 14 கிலோ லேசாகத் தோன்ற ஆரம்பித்ததும், ஒரு காலைப் பின்னால் நாற்காலியில் வைத்துச் செய்யும் ஸ்பிளிட் ஸ்குவாட்டுக்கு மாறுங்கள். ஒரு காலுக்கு அதே எடை மறுபடி கனமாகிவிடும்.

பழைய செட் வாங்கலாமா என்றால், தாராளமாக. பாதியில் விட்டவர்கள் ஏராளம் என்பதால் புதுசு போலவே கிடைக்கும். வாங்கும் முன் ராடைச் சமதரையில் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் தத்தித் தத்தி ஓடும். பிளேட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே மணல் உருளும் சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள்.