ஏழு புத்தகப் பெட்டி: கதை முடியவில்லை, வாங்கலாமா?

ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சோங் ஒஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' என்ற ஆங்கில நாவல் தொடரின் ஏழு புத்தகப் பெட்டியை வாங்கலாமா என்று இலங்கை மலையகத்தின் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் இந்தக் கதையை வைத்து எடுத்த 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்கள், 2019இல் அது முடிந்த விதம் பிடிக்காமல், புத்தகத்திலாவது ஒழுங்கான முடிவு இருக்கும் என்று நம்பி வருகிறவர்கள். அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பெட்டிக்குள் முடிவு கிடையாது. ஏழு புத்தகம் இருக்கிறது, ஆனால் நாவல் ஐந்துதான். பிரித்தானியப் பதிப்பில் மூன்றாவது நாவலையும் ஐந்தாவது நாவலையும் பருமன் காரணமாக இரண்டிரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஆசிரியர் மொத்தம் ஏழு நாவல் எழுதப்போவதாகச் சொல்லியிருப்பதால், பெட்டியில் ஏழைப் பார்த்ததும் எல்லாம் வந்துவிட்டது என்று நினைப்பது இயல்பு. போதாததற்கு இணையத்தில் விற்பவர்கள் சிலர் 'முழுத் தொகுதி' என்றே போடுகிறார்கள். இது எனக்குக் கோபம் வருகிற இடம்.

ஏன் கோபம் என்றால், காசு. கண்டியில் நான் விசாரித்த கடையில் பெட்டியின் விலை பதினைந்தாயிரம் ரூபாயைத் தாண்டியது. 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது, அந்தக் கணக்கில் பார்த்தால் இது பதினோரு நாளுக்கு மேல் கொழுந்து பறித்த காசு. அம்மா மலையேறிச் சம்பாதித்த பணத்தில் ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் பிள்ளை ஆசைப்பட்டு ஒரு பெட்டி வாங்குகிறது என்றால், கதை பாதியில்தான் நிற்கிறது என்பதை அந்தப் பிள்ளை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

இனிப் புத்தகம் எப்படி என்று பார்ப்போம். எழுத்து சிறியது. மெல்லிய கடதாசி, பின்பக்க எழுத்து லேசாகத் தெரியும். முதுகு ஒட்டியதுதான், தைத்தது கிடையாது, அதனால் நடுப்பக்கத்தை அகல விரித்தால் வெடிப்பு விழுகிறது. நம் பக்கத்து மழைக்காலத்தில், அதுவும் ஜூன், ஜூலையில் ஹட்டன் ஈரலிப்பில், இந்தக் கடதாசி சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். அட்டைப்பெட்டிக்குள்ளேயே இறுக்கி வைக்காதீர்கள், காற்றுப் படும்படி அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள், வெயில் வரும் நாளில் ஒரு தடவை வெளியே எடுத்துப் புரட்டிவிடுங்கள். வரைபடங்கள் உள்ளே இருக்கின்றன, அவை நல்ல உதவி, யார் எந்தக் கோட்டையில் இருக்கிறார் என்று அடிக்கடி பார்க்க வேண்டிவரும்.

கதையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் கண் வழியாகப் போகிறது, முதல் நான்கு புத்தகங்களில், அதாவது மூன்றாவது நாவலின் முடிவு வரைக்கும், நான் வாசித்த எந்தத் தொடரும் இந்த அளவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனதில்லை. இரவு மின்சாரம் போனாலும் டோர்ச் பிடித்துக்கொண்டு வாசிக்க வைக்கும். 1996, 1998, 2000 என்று இரண்டு வருடத்துக்கு ஒன்றாக வந்த நாவல்கள் இவை. அந்த வேகத்துக்குப் பழகிய வாசகர்கள் அப்புறம் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நான்காவது நாவல் 2005இல் வந்தது. அதைத் திறந்தால், நமக்குப் பிடித்த பாத்திரங்களில் பாதிப் பேரைக் காணவில்லை! கதை பெருத்துப்போனதால் ஆசிரியர் அதை ஆட்களின்படி இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மட்டும் கொடுத்தார். கதை முடிந்ததும் ஒரு குறிப்பும் எழுதினார், மற்றவர்களை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நம்புகிறேன் என்ற பொருளில். அந்தக் குறிப்பு இன்றைக்கும் உங்கள் பெட்டியில் அந்தப் புத்தகத்தின் முடிவில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அடுத்த வருடம் என்றது ஆறு வருடமானது, ஐந்தாவது நாவல் 2011இல்தான் வந்தது. ஆறாவதை 2015 முடிவதற்குள் கொடுத்துவிட முயன்று, முடியவில்லை என்று 2016 ஜனவரியில் அவரே எழுதினார். 2022இல் முக்கால்வாசி ஆகிவிட்டது என்றார். இதை எழுதும்வரை அது வரவில்லை.

இதைக் கேட்டு எரிச்சல்படும் வாசகரை நான் குறை சொல்ல மாட்டேன். பெரியப்பா ஒரு கதை சொல்வார். 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை இங்கே கட்டுப்படுத்தியபோது, வாராவாரம் படித்துவந்த தொடர்கதை திடீரென்று நடுவில் அறுந்துபோனதாம், கதாநாயகி என்ன ஆனாள் என்று தெரியாமலே பல வருடம் இருந்தாராம். அறுபது வயதுக்குப் பிறகும் அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு வருத்தம் இருக்கும். கதைக்குள் முழுதாக இறங்கியவருக்குத்தான் அந்த அவசரம் வரும், அது அன்பிலிருந்து வருகிற அவசரம்.

ஆனால் சிலர் போகிற தூரம் எனக்குப் பிடிக்கவில்லை. மார்ட்டின் 1948இல் பிறந்தவர். அவர் ஒரு அமெரிக்கக் காற்பந்து ஆட்டத்தைப் பற்றி எழுதினாலும், வேறொரு புத்தகத்தை வெளியிட்டாலும், சாவதற்குள் இதை முடிப்பீர்களா என்று கேட்க ஆள் இருக்கிறது. ஒரு பெரிய மனிதரின் முகத்துக்கு நேரே நம் வீட்டில் யாராவது இப்படிக் கேட்போமா? நாம் கொடுத்த காசுக்கு அந்தப் புத்தகம் கிடைத்துவிட்டது. வராத புத்தகத்துக்கு நாம் இன்னும் ஒரு சதமும் கொடுக்கவில்லை.

ஜெயமோகன் 2014இலிருந்து 2020 வரை தினமும் எழுதி 26 நாவல்களில் மகாபாரதக் கதையான 'வெண்முரசு'வை முடித்தாரே, இவருக்கு மட்டும் என்ன என்று நண்பர் ஒருவர் வாதாடுவார். அது மலைக்க வைக்கிற உழைப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் மகாபாரதத்துக்கு எழும்பும் இடமும் அடங்கும் இடமும் முன்பே இருக்கின்றன. மார்ட்டின் முழு வரைபடம் போடாமல் எழுதிப் பார்த்து, பிடிக்காவிட்டால் தூக்கியெறிந்துவிட்டு மறுபடி எழுதுகிறவர். மூன்றாவது நாவலுக்குப் பிறகு கதையில் ஐந்து வருடம் தாண்டிக் குதிக்கத் திட்டமிட்டு, அது சரிவரவில்லை என்று கைவிட்டவர். ஒரு பாத்திரம் ஓரிடத்துக்குப் பிந்தி வந்தால் அங்கே காத்திருக்கும் மற்ற எல்லோருடைய அத்தியாயத்தையும் மாற்ற வேண்டும் என்கிற அளவுக்குக் கதை பின்னியிருக்கிறது, ஐந்தாவது நாவலை வாசித்தால் அந்தச் சிக்கல் நமக்கே தெரியும். தாமதத்தை என்னால் மன்னிக்க முடிகிறது. எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல், அந்தத் திகதிகள். முடியாத வேலைக்கு அடுத்த வருடம் என்று சொல்லாமல் இருந்திருந்தால் பாதிக் கசப்பு வந்திருக்காது.

முழுதாக முடிந்த பிறகுதான் தொடுவேன் என்று இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முடிந்தே தீரும் என்று யார் உறுதி தந்தது? கல்கி 1954இல் இறந்தபோது 'அமரதாரா' முடியவில்லை, மகள் ஆனந்திதான் முடித்தார். ரொபர்ட் ஜோர்டன் 2007இல் இறந்த பிறகு அவருடைய 'வீல் ஒஃப் டைம்' தொடரை, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் மூன்று பாகமாக 2013இல் நிறைவு செய்தார். முன்பே வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதற்கு இடைப்பட்ட வருடங்களெல்லாம் பேசிச் சண்டைபிடித்து ஊகித்து மகிழ்ந்த வருடங்கள். ஒதுங்கி நின்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

என் தீர்ப்பு, வாங்கலாம், ஆனால் பெட்டியாக வேண்டாம். முதல் நாவலை மட்டும் தனியாக, பழைய புத்தகமாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, வாங்கிப் படியுங்கள். பிடித்தால் மூன்றாவது முடியும்வரை ஒவ்வொன்றாகப் போங்கள், அங்கே நிறுத்தினாலும் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். அதற்கு மேலும் வேண்டும் என்றால் நான்காவதையும் ஐந்தாவதையும் அத்தியாயம் அத்தியாயமாகக் கலந்து வாசியுங்கள், இரண்டிலும் பெரும்பகுதி ஒரே காலத்தில் நடக்கும் கதை, எந்த வரிசையில் வாசிக்கலாம் என்று ரசிகர்கள் பட்டியலே போட்டுவைத்திருக்கிறார்கள். காணாமல் போன ஆட்களின் ஏக்கம் அப்போது அவ்வளவாக இருக்காது. நாலு பேர் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கிச் சுற்றில் விடுவதும் நல்ல யோசனை, கொட்டகலையில் இரண்டு டியூஷன் பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள். அப்புறம் விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள், 'முழுத் தொகுதி' என்பதை எடுத்துவிட்டு, ஐந்து நாவல்கள், தொடர் இன்னும் முடியவில்லை என்று ஒரு வரி போடுங்கள். தெரிந்தே வாங்குகிறவர் வந்து சண்டை பிடிக்க மாட்டார்.