வளவுக்குள் தாமரைக்குளம்: விரிப்பா, சீமெந்தா, நிலத்துக்கு மேலேயா?

ஆவணியில் மூன்றடி ஆழத்துக்குக் கிடங்கு வெட்டினபோது அடியில் புழுதி பறந்தது. கறுப்புப் பொலித்தீன் விரித்துத் தண்ணீர் விட்டு, தாமரைச் சாடியும் இறக்கியாயிற்று. கார்த்திகையில் ஒருநாள், அழுகின இலை அள்ளுவதற்காகப் பாதித் தண்ணீரை இறைத்தேன். பின்னேரம் போய்ப் பார்த்தால், விரிப்பு வயிறு ஊதின மாடு மாதிரி நடுவில் எழும்பி நிற்கிறது. சாடி சரிந்து கிடந்தது. கப்பி மீன் இரண்டு வரம்பில் துடித்தன.

ஏன் என்று கிணற்றை எட்டிப் பார்த்ததும் விளங்கியது. யாழ்ப்பாணத்தில் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்பிலும் பொந்திலும் நிற்கிற தண்ணீர் மாரியில் மளமளவென்று ஏறும். எங்கள் காணி வழுக்கையாற்றுப் பக்கம், பள்ளம். அன்று கிணற்றுத் தண்ணீர் நிலத்திலிருந்து ஓரடிக்குக் கீழே நின்றது. குளத்து மட்டமோ அதைவிடத் தாழ்வு. வெளித்தண்ணீர் உயர்ந்து உள்தண்ணீர் தாழ்ந்தால் விரிப்பு மேலே வராமல் என்ன செய்யும்?

இதற்காக விரிப்பைக் குறைசொல்ல மாட்டேன். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் மேட்டுக்காணி என்றால் அதுதான் மலிவு, அதுதான் சுகம். கல்லுமுனை குத்தாமல் அடியில் மணலும் பழைய சாக்கும் போட்டால் போதும். பள்ளக்காணிக்குச் சிலர் சொல்லும் வழி, விரிப்புக்குக் கீழே சல்லி போட்டு, குழாய் இறக்கி, ஊற்றுத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பது. அது கிணற்றை இறைக்கிற வேலைதான், முடிவே இல்லை. கரையோரத்தில் இன்னும் மோசம். நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே இறைக்க இறைக்கக் கீழேயிருந்து உப்பு ஏறும்.

“சீமெந்து போட்டால் அசையாது” என்றார் மேசன். அசையும். கொங்கிறீற்று தண்ணீரைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு பாரம். ஆகவே 4 அங்குலத் தளத்தின் பாரம் பத்து அங்குலத் தண்ணீரின் உந்தலுக்குத்தான் ஈடுகொடுக்கும். மார்கழியில் கழுவுவதற்கென்று தொட்டியை வெறுமையாக்கினால் தளம் வெடிக்கலாம், தொட்டியே கிளம்பவும் கூடும். நிரம்பியிருக்கும்வரை பயமில்லை. கழுவுவதைப் பங்குனிக்குத் தள்ளிவைக்கிற பொறுமை உள்ளவர்கள் கட்டலாம். செலவும் கூட.

ஒன்றும் விரிக்காமல் கேணி மாதிரி விட்டுவிடலாம் என்பது நாலாவது யோசனை. மாரியில் அழகுதான், கோடையில் வெறுங்குழி. அதைவிட, மீன் தீனும் பசளையும் கலந்த தண்ணீர் கல்லுப் பொந்து வழியே வடிபடாமல் கிணற்றுக்கே போகும். குடிக்கிற தண்ணீரில் இந்த விளையாட்டு வேண்டாம்.

கடைசியில் நான் செய்தது, நிலத்துக்கு மேலே புளொக் கல்லில் இரண்டடிச் சுவர் எழுப்பி உள்ளே விரிப்புப் போட்டது. உள்ளே நிற்கிற தண்ணீர் சுவரை வெளியே தள்ளும்; அதனால் மூலைகளில் கம்பி வைத்துக் கட்டவேண்டும். வெயிலில் தண்ணீர் கொதிக்கும், பாதி நாளாவது நிழல் விழவேண்டும். ஆனால் எந்த மாரியிலும் கீழேயிருந்து ஒரு தொல்லையும் இல்லை.

வெட்டத்தான் வேண்டும் என்கிறவர்கள் கார்த்திகை, மார்கழியில் பெருமழை ஓய்ந்ததும் கிணற்றுக்குள் கயிறு விட்டு, நிலமட்டத்திலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். அதற்கு மேலே நிற்கிற ஆழத்துக்கு மட்டும் வெட்டலாம். கிணற்றுக்கட்டின் உயரத்தைக் கழிக்க மறக்கவேண்டாம்; நான் முதலில் மறந்தேன்.

பழைய கிடங்கை மூடவில்லை. அதில் இப்போது சேம்பு நிற்கிறது.