விதைக்கா, உரத்துக்கா: வட நைஜீரிய மானாவாரிக் கடலையில் முதல் பணம் எதற்கு?

கானோ, கட்சினா வட்டாரங்களில் நிலக்கடலை பெரும்பாலும் மானாவாரி. ஜூனில் தொடங்கும் மழை செப்டம்பர் கடைசியில் ஓய்ந்துவிடும். மண் மணற்பாங்கு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு. மாட்டு ஏரால் 75 செ.மீ.க்கு ஒரு பார் (நீள மண்மேடு) பிடித்து, அதன் உச்சியில் 25 செ.மீ.க்கு ஒரு விதை ஊன்றுவது பலரின் வழக்கம். அங்கே நெருக்கி விதைப்பது, உரம் போடுவது இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பலன். ஒன்றுக்கு மட்டுமே பணம் இருந்தால் அதை விதையில் போடுவதே சரி.

காரணம் எளிது. சாம்நட் 24 போன்ற 80–90 நாள் கொத்து ரகம் பக்கவாட்டில் படராது. இவ்வளவு அகல இடைவெளியில் அறுவடை வரை மண் திறந்தே கிடக்கும். போட்ட உரத்தில் ஒரு பங்கைக் களை தின்னும். இன்னொன்று ரோசெட் என்னும் வைரஸ் நோய். அதைப் பரப்பும் அசுவினி, வெற்று மண் தெரியும் நெருக்கமில்லாத பயிரைத்தான் தேடி இறங்கும். 1975-இல் வட நைஜீரியக் கடலையை அழித்தது இந்த நோய்தான். முந்தி விதைத்து, நெருக்கி விதைத்தால் தாக்குதல் குறையும். உரத்தால் இது முடியாது.

நெருக்கத்துக்கான செலவு விதையில் தெரியும். 100 பருப்பின் எடை 40 கிராம், முளைப்பு 80 விழுக்காடு என்று வைத்து, முளைக்காததை ஈடுகட்டும் விதையையும் சேர்த்தால், ஒரு ஹெக்டேருக்கு:

75 × 25 செ.மீ.: 53,000 செடி, 27 கிலோ பருப்பு
75 × 10 செ.மீ.: 1,33,000 செடி, 67 கிலோ
75 செ.மீ. பாரில் இரட்டை வரிசை, 20 செ.மீ.க்கு ஒரு செடி: 1,33,000 செடி, 67 கிலோ
30 × 15 செ.மீ. சமதளம்: 2,22,000 செடி, 111 கிலோ

நடு இரண்டும் எண்ணிக்கையில் ஒன்றே. ஆனால் இரட்டை வரிசையே மேல். ஒற்றை வரிசையில் 10 செ.மீ.க்கு ஊன்றினால் செடிகள் ஒன்றையொன்று நெருக்கும், பாரின் சரிவோ வெறுமையாக நிற்கும். இரட்டை வரிசையில் இடம் பரவலாகி, நிலம் முன்னதாக மூடும். பாரின் மேற்பகுதி அகலமாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கூரான பாரில் ஓர விதை மழையில் கரைந்து வெளியே வந்துவிடும்.

நம்மூர்க்காரர்கள் உடனே 30 × 10 என்பார்கள். அங்கே அந்த இடைவெளியில் மாட்டுக் கலப்பை நுழையாது. கைக்களை மட்டுமே வழி, அதற்கான ஆள்கூலி விதைச் செலவை மிஞ்சக்கூடும். மழை கொட்டும் வாரங்களில் சமதளத்தில் நீர் தேங்கும் தொல்லையும் உண்டு. வீட்டாள் பலம் உள்ள சிறு வயலுக்கு மட்டும் 30 × 15 பொருந்தும்.

எந்த இடைவெளியானாலும், மாதங்களுக்கு முன்பே உடைத்து வைத்த பருப்பு கணக்கைக் கெடுத்துவிடும். விதைப்பை ஒட்டி உடைத்து, தோல் உரிந்தவற்றைப் பொறுக்கி எறிந்து, கிலோவுக்கு 3 கிராம் திரம் என்னும் பூஞ்சைக்கொல்லி கலந்து, 4–5 செ.மீ. ஆழத்தில் ஊன்ற வேண்டும்.

இனி உரம். பொதுவாகச் சொல்லப்படும் அளவு ஹெக்டேருக்கு 54 கிலோ மணிச்சத்து. இதை 18 விழுக்காடு சூப்பர் பாஸ்பேட்டாகப் போட்டால் 300 கிலோ, அதாவது ஆறு மூட்டை. கூடவே கந்தகமும் ஏறக்குறைய 60 கிலோ கால்சியமும் வந்துவிடும். டிரிபிள் சூப்பர் பாஸ்பேட்டில் 117 கிலோவே போதும், வண்டிக் கூலி மிச்சம்; ஆனால் அதில் கந்தகம் இல்லை என்றே சொல்லலாம், கால்சியமும் சொற்பம். பலர் வாங்குவது 15-15-15 கலப்பு உரம்; அதில் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து, சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூன்றும் தலா 15 விழுக்காடு. அதே மணிச்சத்துக்கு 360 கிலோ போட்டால் 54 கிலோ தழைச்சத்தும் சேர்ந்துவிடும். அவ்வளவு தழைச்சத்தில் வேர்முடிச்சு சோம்பிவிடும், கொடி கொழிக்கும். காய்ப் பகுதியில் மிகும் சாம்பல்சத்து, கால்சியம் ஏறுவதைத் தடுக்கும். மூன்றில் இதுவே கடைசித் தேர்வு.

கால்சியத்தை வளரும் காய் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே எடுக்கிறது; வேர் எடுத்தது காய்க்கு இறங்காது. ஆகவே மேல் 5–8 செ.மீ. மண்ணில் அது இல்லாவிட்டால் பொக்குக் காய்தான், பெரும்பருப்பு ரகங்களில் இன்னும் அதிகம். சூப்பர் பாஸ்பேட்டைத் தூவிவிட்டுப் பார் பிடித்தால் உரம் பாருக்குள்ளேயே சேரும். டிரிபிள் போட்டவர்கள் பூக்கும்போது செடியடியில் ஜிப்சம் தூவ வேண்டும். களையெடுப்பும் மண் அணைப்பும், பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காயாகும் விழுது இறங்குமுன் முடிய வேண்டும். பிறகு கொத்தினால் விழுது அறும்.

முதலில் விதை, பிறகு உரம் என்ற இந்த வரிசை மாறும் இடங்களும் உண்டு. 120 நாளுக்கு மேல் போகும் கொடி ரகத்துக்கு 75 × 20 போதும். நெருக்கினால் கடைசி மழை தவறும்போது காய் நிரம்பாது. பல ஆண்டு எரு காணாத வெளுத்த மணலில் உரத்தையே முதலில் பார்க்க வேண்டும். கம்பு, சோளத்துடன் ஊடுபயிராக விதைக்கும் வயலுக்கு மேற்சொன்ன செடிக் கணக்கு பொருந்தாது.